கம்பி ஷூவைக் கழற்றாதீர்கள்!

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி, சூளகிரியிலோ தளியிலோ கைக்குழந்தையோடு இருக்கும் தங்கச்சி, உங்கள் இருவரிடமும்தான் பேசுகிறேன். பிள்ளை வளைபாதத்தோடு பிறந்தது உங்கள் குற்றமில்லை. கிரகணத்தன்று வெளியே வந்ததால் வந்ததும் இல்லை. உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. தலை நிமிருங்கள்!

பெரிய அறுவை சிகிச்சை இல்லாமலே இதைச் சரிசெய்யலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி. வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டு, ஐந்தாறு கட்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகால் தசைநாரில் சின்ன வெட்டு, மேலும் 3 வாரக் கட்டு. பாதம் நேராகிவிடும்.

உண்மையான போராட்டம் அதன் பிறகுதான்! கம்பியால் இணைத்த ஷூவை முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பின்பு நான்கைந்து வயதுவரை தூங்கும்போதெல்லாம் மாட்ட வேண்டும். பிள்ளை வீறிடும். "கால்தான் நேராயிடுச்சே, பச்சப்புள்ளைய ஏன் வதைக்கிற?" என்பார் மாமியார். கட்டுப் போடப் போன நாட்களில் காண்ட்ராக்ட் சம்பளம் பிடித்தமாகியிருக்கும். கிருஷ்ணகிரிக்கா, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கா என்ற குழப்பத்தில் ஒரு தேதி தவறும். வேலை தேடி வடக்கேயிருந்து வந்த குடும்பமென்றால், ஊருக்குப் போன இடத்தில் சிகிச்சையே நின்றுபோகும். எதையும் நான் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் ஷூவை நிறுத்தினால் பாதம் மறுபடி வளையும். அது உங்கள் கஷ்டத்தைப் பார்த்து இரங்காது!

தம்பி, இது உங்கள் மனைவியின் வேலை மட்டுமல்ல. ஷூ மாட்ட நீங்களும் பழகுங்கள். அம்மாவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் குடும்பத்துக்கும் மருத்துவ உரிமை உண்டு, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும்தான். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைபாதமும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் உரிமையோடு கேளுங்கள். வளைபாதத்தோடு பிறந்த வீராங்கனை கிறிஸ்டி யமகுச்சி 1992 ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்றார். உங்கள் பிள்ளை மைதானத்தில் ஓட ஏன் முடியாது?

அடுத்த தேதிக்கான லீவை இன்றே எழுதிக் கொடுங்கள். தோல் சிவந்தாலோ ஷூ பற்றாமல் போனாலோ மூலையில் வீசாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஊர் மாறுவதாக இருந்தால், அங்கே பொன்செட்டி முறையில் பார்க்கும் இடத்தைக் கேட்டு, சிகிச்சைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டே பஸ் ஏறுங்கள்!