குப்பை என்று யார் சொல்வது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் சீக்கிரம் நகரவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஊர் ஊராகத் தண்ணீர். களமருதூரில் பெரியப்பாவின் பட்டறைக்குள் முழங்கால் அளவு நின்று வடிந்தது என்று போனில் சொன்னார்கள். நான் சென்னையிலிருந்து போய்ச் சேர நான்கு நாள் ஆனது.

பட்டறை என்றால், வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகை. தெருக்கூத்தில் கட்டை வேஷம் கட்டுகிறவர்களுக்கு வேண்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் அங்கேதான் உருவாகும். கல்யாண முருங்கை மரம் எடை குறைவு, உளிக்கு இணங்கும். செதுக்கி, ஜிகினாத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார். பங்குனி, சித்திரையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பட்டறை காலியாக இருக்கும். மார்கழியில் நிறைந்திருக்கும். வெள்ளம் வந்தது நிறையத் தொடங்கும் நேரத்தில்.

பெரியப்பா அப்போது இல்லை. ஈரத்தில் வீசிங் அதிகமாகி உளுந்தூர்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "அவர் வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வச்சிடலாம் பெரிம்மா" என்றேன். உண்மையிலேயே அன்போடுதான் சொன்னேன்.

இரண்டு நாள் வேலை. சேற்றை வாரிக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, பிரிந்துபோன பலகைகளை வெளியே எடுத்துப் போட்டேன். ஒரு மூலையில் கூத்து நோட்டுகள் ஊறிக் கிடந்தன. அவற்றைக் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கி, மொட்டைமாடியில் பரப்பி, படிக்க முடிந்த பக்கங்களையெல்லாம் போனில் படம் எடுத்தேன். பக்கத்திலேயே ஒரு கட்டு அட்டை. உப்பி, பூஞ்சை பிடித்து, நாற்றமடித்தது. மற்ற குப்பையோடு அதையும் வண்டியில் ஏற்றினேன்.

பெரியப்பா வந்ததும் முதலில் நோட்டுகளைக் காட்டினேன். "இது எனக்கு மனப்பாடம்டா. போனா இன்னொரு வாட்டி எழுதிக்கலாம்" என்றார். பிறகு மூலையைப் பார்த்தார். "இங்க ஒரு கட்டு அட்ட இருந்துதே, எங்கடா?"

அவை கிரீடத்தின் அச்சுகள். அவருடைய வாத்தியார் வெட்டிக் கொடுத்தவை. கிரீடத்தின் வளைவு, புஜக்கட்டையின் இறக்கை, எல்லாம் அதை வைத்துக் கோடு போட்டுத்தான் செதுக்குவார். நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி விடு, நாறிப்போனதுதான்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கல்லூரியில் 'என் சரித்திரம்' படித்தபோது ஒரு இடத்தில் கொதித்துப் போனேன். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடி உ.வே.சா. போகிறார். அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டோம், ஆகமத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மூடர்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவர்களும் சுத்தம்தான் செய்தார்கள். அவர்களுக்கு ஆகமம்; எனக்கு, எழுத்து இருந்தால்தான் பொருள், எழுத்தில்லாத அட்டை குப்பை என்ற படித்தவன் புத்தி. எதைக் காப்பாற்றினேன் என்று பார்த்தால், எனக்கு மதிப்பாகத் தெரிந்ததைத்தான்.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஃபுளோரன்ஸ் நகருக்குள் புகுந்து தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான நூல்களைச் சேற்றில் புதைத்தது. 'சேற்றுத் தேவதைகள்' என்று பெயர் பெற்ற இளைஞர்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி அவற்றை மேலே கொண்டுவந்தார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் உலகம் முழுக்க ஒரு முறை பரவியது: ஈர நூலைப் பிரிக்காதே, வீசாதே, உறைய வை. குளிர் எதையும் சரி செய்வதில்லை. பூஞ்சையை நிறுத்தி, முடிவை மட்டும் தள்ளிப்போடுகிறது. நம் மென்பொருள் வேலையிலும் பயனர் அழித்ததை உடனே அழிப்பதில்லை. மறைத்து வைத்து முப்பது நாள் பொறுப்போம். ஆபீஸில் தினமும் செய்வதை ஊரில் செய்யத் தோன்றவில்லை.

எதிர்வாதம் இருக்கிறது. ஈரத்தில் இரண்டு நாளில் பூஞ்சை கிளம்பிவிடும். வீசிங் இருக்கிற மனிதர் அதே கொட்டகையில்தான் உட்கார வேண்டும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு யாரும் வாழ முடியாது. சரிதான். ஆனால் எனக்கு இருந்த வழி வீசுவது, வைப்பது என்ற இரண்டு மட்டுமல்ல. கோணிப்பையில் கட்டி வேலியோரம் வைத்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, "பெரிப்பா, இந்த அட்ட என்னது?" என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. வந்ததும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான் கேட்க விடவில்லை. அந்த ஆசை அவருக்காக இல்லை, எனக்காக. ஒருவருடைய வேலையிடத்தை அவரைக் கேட்காமல் ஒழுங்குபடுத்துவது, அவர் இனி என்ன செய்வார் என்பதையும் நாமே முடிவு செய்வதுதான்.

அடுத்த தையில் போனபோது, தான் முன்பு செய்து கொடுத்த பழைய கிரீடம் ஒன்றைப் பக்கத்து ஊர் கூத்துக்காரரிடம் இரவல் வாங்கி, புது அட்டையில் அளவெடுத்துக்கொண்டிருந்தார். "வாத்தியார் வளைவு வரல" என்றார். அதையே இரண்டு செட் வெட்டி, ஒன்றை என்னிடம் கொடுத்தார். "மெட்ராஸ்ல வச்சிரு. இங்க திரும்பத் தண்ணி வரும்."

பீரோ மேலே வைத்திருக்கிறேன். போன மாதம் வீடு துடைக்க வந்த அக்கா அதை எடுத்துக் காட்டிக் கேட்டார்: "தம்பி, இந்த அட்டையெல்லாம் வேணுமா, போட்டுடவா?"

கேட்டுவிட்டுத்தான் தொட்டார்.