ஒரு லிட்டர் யாருக்கு?

பெட்ரோல் தீர்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவனைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பஞ்சரானவன் அடிக்கடி சக்கரத்தைத் திரும்பிப் பார்ப்பான். பெட்ரோல் தீர்ந்தவன் எதையும் பார்க்கமாட்டான். அவனுக்குக் கோபம் தன்மேல்தான். அரூரில் 26 வருடமாக பைக் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்த அளவு ஜோசியமாவது வராதா?

2013 ஆடியில் ஒரு நாள், சித்தேரி மலையில் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் கிளம்பினேன். மலை ஏறத் தொடங்கிவிட்டால் அப்போது பங்க் கிடையாது. அதனால் ஒரு வாட்டர் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து முதுகுப்பையில் போட்டுக்கொண்டேன். நாலைந்து வளைவு தாண்டியதும் ஒருவன் கை காட்டினான். பின்னால் அவன் மனைவி, அவள் இடுப்பில் குழந்தை.

"அண்ணா, பெட்ரோல் ஏதாச்சும் இருக்குதுங்களா? அரை லிட்டர் இருந்தா போதும்."

"இல்லப்பா, எனக்கே பத்தாது" என்றேன்.

அது பொய். என் டேங்கில் இருந்தது போய்த் திரும்பப் போதும். பாட்டிலோ தொடாமல் அப்படியே இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, மலைப்பாதை, நாளைக்கு என்ன ஆகுமோ என்று வயிற்றில் ஒரு பிடி. அவ்வளவுதான் காரணம். வேலை முடித்து ஒன்பது மணிக்கு இறங்கும்போது அவர்கள் அந்த வளைவில் இல்லை. எப்படிப் போனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் குப்பென்று நாற்றம். பாட்டில் மூடி கசிந்து பாதிப் பெட்ரோல் பையில் ஊறியிருந்தது. அக்காவுக்கு வாங்கி வைத்திருந்த முறுக்குப் பொட்டலம் போச்சு, சட்டை போச்சு. நடந்ததைச் சொன்னதும் அக்கா, "பாத்தியா, சாமி அங்கேயே குடுத்துருச்சு" என்றாள். "சாமி இல்லக்கா, மூடியில வாஷர் இல்ல" என்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கடவுள் கணக்குத் தீர்க்கிறவர் என்றால், வளைவில் நின்ற அந்தக் குழந்தைக்கு என்ன கணக்கு? ஆனால் வாஷர் என்று சொல்லிவிட்டதால் கேள்வி போய்விடவில்லை. நாளைக்கென்று எடுத்து வைப்பது முன்யோசனையா, பயமா? எடுத்து வைத்ததை வழியில் ஒருவன் கேட்டால் அது யாருடையது?

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில். மறைக்கல்வி வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மத்தேயு நற்செய்தியில் பத்துக் கன்னியர் கதை வரும். மாப்பிள்ளை வர நேரமாகிறது. ஐந்து பேர் விளக்கோடு தனியாக எண்ணெயும் கொண்டுவந்திருந்தார்கள், மற்ற ஐந்து பேர் கொண்டுவரவில்லை. எண்ணெய் தீர்ந்தவர்கள் கேட்கிறார்கள். வைத்திருந்தவர்களோ, இருவருக்கும் பத்தாது, போய்க் கடையில் வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கப்போனவர்கள் திரும்புவதற்குள் கதவு சாத்தப்படுகிறது. வேதம் புத்திசாலி என்று சொல்வது தர மறுத்தவர்களை! சிறுவயதில் இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. சிஸ்டரிடம் கேட்டேன். அந்த எண்ணெய் அவரவர் உள்ளே சேர்க்கவேண்டியது, இரவல் தரமுடியாதது என்று விளக்கினார். சரிதான். பக்தியை டியூப் வைத்து உறிஞ்சி இன்னொருவனுக்கு ஊற்ற முடியாது. ஆனால் பெட்ரோலை முடியும். சித்தேரி வளைவில் அந்தக் கதையைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கென்று இன்னொரு கதை இருக்கிறது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, ஆயுளை நீட்டும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தது. அதன் பலனைச் சொல்லாமலே கொடுத்தான் என்பதைப் புறநானூற்றில் ஔவையே பாடியிருக்கிறார். சொல்லியிருந்தால் வாங்கியிருக்கமாட்டார். ரிசர்வ் என்றால் அதுதான் ரிசர்வ், உயிருக்கே. பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். கொடுத்தவனுக்குப் பலன் கிடைத்தது என்று அந்தக் கதையை யாரும் முடிக்கவில்லை என்பதாலேயே அதை நம்புகிறேன்.

நெல்லிக்கனி எல்லோருக்கும் தெரியும். கல்வெட்டு அவ்வளவு பேருக்குத் தெரியாது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981ல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதே நெடுமான் அஞ்சி ஒரு பள்ளியை, அதாவது துறவிகள் தங்கும் குகையை, கொடுத்தான் என்கிறது அது. அந்தத் துறவிகள் சமணர் என்பார்கள். நாளைக்கென்று ஒரு பிடி சோறுகூட வைத்துக்கொள்ளாத விரதம் அவர்களுடையது. எவ்வளவு பெரிய தைரியம் என்று வியந்திருக்கிறேன். ஒருநாள் பட்டறையில் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருக்கும்போது வேறு மாதிரித் தோன்றியது. அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, சரி. ஊரில் யாரோ ஒரு வீட்டுப் பானையில் நாளைக்கு அரிசி இருந்தது. சேர்க்காதவனுடைய தைரியமே சேர்த்தவன் வீட்டில்தான் இருக்கிறது. அப்படியானால் சேர்ப்பது குற்றமில்லை. பானையை மூடிக்கொண்டு "எனக்கே பத்தாது" என்பதுதான் குற்றம்.

இதைத் தொழிலிலும் பார்க்கிறேன். பழைய வண்டிகளில் பெட்ரோல் காக் இருந்தது. ஆன், ஆஃப், ரிசர்வ். வழியில் ஒருவன் நின்றால் காக்கில் டியூபைக் கழற்றி அவனுக்குக் கால் லிட்டர் விட்டுவிட்டுப் போகலாம். எத்தனையோ பேருக்கு விட்டிருக்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு விற்கும் வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷன். பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, காக் கிடையாது. எரிபொருள் குறைந்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான். புகை குறைந்தது நல்லது. ஆனால் டேங்கிலிருந்து அடுத்தவனுக்குச் சட்டென்று கொடுக்கும் வழி அடைபட்டுவிட்டது. கொடுக்கவேண்டும் என்றால் இனிமேல் தனியாக எடுத்துப்போனால்தான் உண்டு.

எடுத்துப்போவதென்றால் என் முட்டாள்தனம் வேண்டாம். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்பதில்லை. ஆனால் எதில் வைப்பது என்று சொல்கிறது: இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. அந்தப் பட்டியலில் வாட்டர் பாட்டில் இல்லை. மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அளவு ஆவி விடும் திரவம் அது. ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போகாது, பைக்குள்ளேயே தங்கும். அதைத்தான் நான் முதுகில் கட்டிக்கொண்டு போனேன். இரும்புக் கேன், மூடியில் நல்ல வாஷர். விளிம்புவரை நிரப்பக்கூடாது, 20 டிகிரி சூடேறினால் லிட்டருக்குச் சுமார் 20 மில்லி பெருகும். பங்கில் பிடிக்கும்போது கேனை சீட்மேல் வைக்காமல் தரையில் வைத்து, குழாய் முனை கேன் வாயைத் தொட்டபடி பிடிக்கவேண்டும், நிலைமின் பொறி தெறிக்காமல் இருக்க. கட்டுவது சைலன்சருக்கு எதிர்ப்பக்கம். ஊற்றும்போது இன்ஜின் ஆறியிருக்கவேண்டும், மூடியை மெதுவாகத் திறந்து அழுத்தத்தை விடவேண்டும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் வைக்கவும் கூடாது. பயணம் முடிந்ததும் டேங்கில் ஊற்றிவிடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? அடுத்த பங்க் வரை எனக்கு வேண்டியது டேங்கில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் கேன் முழுக்கக் கேட்டவனுடையது. இல்லையென்றால் பாதி. இருவரும் நடுவழியில் நிற்பது தர்மம் இல்லை, அதில் அந்தக் கன்னியர் சொன்னது சரி.

பட்டறைச் சுவரில் ஒரு லிட்டர் இரும்புக் கேன் காலியாகத் தொங்குகிறது. மலைக்குப் போகிறவர் கேட்டால் இரவல் தருவேன், காசு கிடையாது. இதுவரை இரண்டு திரும்பி வரவில்லை. இப்போது தொங்குவது மூன்றாவது.