கட்டி முடியாத வீட்டுக்குக் காப்பீடு

மனை வாங்கி, மேஸ்திரியை அமர்த்தி, தாமே முன்னின்று வீடு கட்டுவோர் காப்பீடு பற்றி முதலில் கேட்பது பெரும்பாலும் பிரீமியத் தொகையைத்தான். அதற்கு முன்னால் தீர்க்கவேண்டிய வினா ஒன்று உண்டு. பணி நடக்கும் மாதங்களில் ஏதேனும் கெட்டால், அந்த நட்டம் யார் தலையில் விழும்? இதற்கு விடை தெரிந்தவருக்கு எந்தப் பாலிசி வேண்டும் என்பதும் பெருமளவு தெரிந்துவிடும்.

விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. பொருளையும் கூலியையும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால், சாவி கைமாறும்வரை வேலைக்கு ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்று எழுதிக்கொள்ள முடியும். சிமென்ட், கம்பி, செங்கல் எல்லாவற்றையும் உரிமையாளர் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் லேபர் காண்ட்ராக்ட் விடும் வழக்கத்தில் நிலைமை வேறு. மழையில் நனைந்து இறுகிய மூட்டையும் இரவில் காணாமற்போன கம்பியும் உரிமையாளரின் பொருள்கள். எழுத்தில் ஏதுமில்லாத வாய்ப்பேச்சு ஒப்பந்தத்திலும் நடைமுறையில் சுமை அவர்மீதே வந்து நிற்கும்.

இனி, பாலிசியின் வகை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்றுவரும் ‘பாரத் கிருக ரக்ஷா’ கட்டி முடித்துக் குடியிருக்கும் வீட்டுக்கானது. சென்ட்ரிங் பலகையும் முட்டுக்கழியுமாக நிற்கும் கட்டடத்துக்கு உரியது ‘காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ என்னும் பொறியியல் காப்பீடு. பெயரில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும் உரிமையாளரும் அதை எடுக்கலாம்; இருவர் பெயரையும் சேர்த்து எடுப்பது மேலும் நல்லது. வீட்டுக் கடனோடு சேர்த்துத் தரப்படும் கடன் பாதுகாப்புப் பாலிசியை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கடன் வாங்கியவரின் உயிருக்கானது. சுவர் இடிந்தால் அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

‘ஆல் ரிஸ்க்’ என்றால் விலக்கப்பட்டவை நீங்கலாக எல்லாம் என்று பொருள். ஆகவே பாலிசியின் விலக்குப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கவேண்டும். வடிவமைப்புப் பிழையால் வரும் சேதம் வழக்கமான பாலிசியில் சேராது. வேலைத்தரக் குறைவு சற்று நுட்பமானது. சரியாகப் போடாத தளம் சரிந்து, கீழே ஒழுங்காகக் கட்டிய சுவரையும் உடைத்தது என்று கொள்வோம். சுவருக்கு இழப்பீடு உண்டு; குறையுள்ள தளத்தைத் திரும்பப் போடும் செலவு உரிமையாளருடையது. திருட்டுக்குக் காப்பு உண்டு, ஆனால் இருப்பை எண்ணிப் பார்க்கும்போது மட்டும் தெரியவரும் குறைவுக்கு இல்லை. பூட்டிய ஷெட்டும், வரவு செலவு எழுதிய நோட்டும் இருந்தால்தான் திருட்டைத் திருட்டென்று காட்ட முடியும்.

தொகை விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். காப்பீட்டுத் தொகை என்பது வேலை முழுதும் முடியும்போது கட்டடம் பெறும் மதிப்பு: கூலி, வாங்கிய பொருள், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்ந்தது. ஒரு வீட்டுக்குக் கூலி 18 லட்சம், பொருள் 42 லட்சம், ஆக 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் லேபர் ஒப்பந்தத்தைப் பார்த்து 18 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தவருக்கு 5 லட்சம் சேதமானால், 60-க்கு 18 என்ற விகிதத்தில் 1.5 லட்சமே கணக்காகும். அதிலும் அவர் தாமே ஏற்கவேண்டிய தொடக்கத் தொகை கழியும். புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அந்தக் கழிவு வழக்கமாகக் கூடுதல். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கத் தொகையைக் குறைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இதுவரை சொன்னது நம் பொருளுக்கு நேரும் இழப்பு. பிறருக்கு நேரும் தீங்குக்கு நாம் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அடுத்த அடுக்கு. இதே பாலிசியின் இரண்டாம் பகுதி மூன்றாம் தரப்பினருக்கானது. ஆனால் அதிர்வாலோ, மண்ணை எடுத்துத் தாங்குதலைத் தளர்த்துவதாலோ அக்கம்பக்கத்துக் கட்டடத்துக்கு வரும் சேதத்தை அது வழக்கமாக விலக்கி வைக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய நகர மனையில் அஸ்திவாரம் தோண்டும்போது பெரிய ஆபத்தே அதுதான். கூடுதல் பிரீமியம் கட்டி அந்த விரிவாக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டும். தோண்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை, வீட்டுக்காரரையும் உடன் வைத்துத் தேதியோடு படமெடுத்துக்கொள்ளவேண்டும்.

சாரத்திலிருந்து விழும் கொத்தனாரும் சித்தாளும் இந்த மூன்றாம் தரப்பில் அடங்கமாட்டார்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வேலையில் நேர்ந்த விபத்துக்கு, தவறு யாருடையது என்று பாராமல் வேலை கொடுத்தவர் இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆட்களை நேரடியாகக் கூலிக்கு வைக்கும் வீட்டுக்காரரும் அந்த இடத்துக்கு வரக்கூடும். எனவே தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியைத் தனியே எடுக்கவேண்டும். மேஸ்திரி தம்மிடம் இருக்கிறது என்றால் நகலை வாங்கி, நம் மனையும் வேலைக் காலமும் அதில் அடங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். கட்டட அனுமதியின்போது செலுத்தும் தொழிலாளர் நல நிதி இந்தப் பொறுப்பைத் தீர்க்காது.

கடைசியாகக் காலம். பொருள் மனையில் இறங்கும் நாளிலிருந்தே காப்பு ஓடவேண்டும். முடியும் தேதியை மேஸ்திரியின் வாக்கை மட்டும் நம்பிக் குறிக்காமல், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் நின்றுபோகும் வாரங்களையும் சேர்த்துக் குறிக்கவேண்டும். வேலை நீண்டால், பாலிசி காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக் கேட்கவேண்டும். முடிந்து புழக்கத்துக்கு வந்த பகுதிக்குக் கட்டுமானக் காப்பு நின்றுவிடும். ஆகவே கீழ்த்தளத்தில் குடிபுகுந்து மாடி வேலையைத் தொடர எண்ணுபவர், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கும்போதே கீழ்த்தளத்துக்கு வீட்டுப் பாலிசி கிடைக்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளவேண்டும். அந்தப் பாலிசிக்குத் தொகையைக் கணக்கிடும்போது மனையின் விலை சேராது. தளப்பரப்பை அன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வருவதே கணக்கு.