நீ, நீர், நீங்கள்

உபசாரச் சொல் உள்ளத்தோடு பொருந்தாவிடின் பொய்யேயாம் என்றும், பொய்யைப் பயிற்றுதல் ஆசிரியர்க்குத் தகாது என்றும் சிலர் கூறுவர். இக்கூற்று நேர்மையுடையது போலத் தோன்றுதலின் இதனைச் சிறிது ஆராய்வாம்.

வீதியிலே எதிர்ப்பட்ட ஒருவரை நோக்கி, "சுகமாயிருக்கிறீரோ" என வினவுகின்றோம். அவர் சுகத்தை அறியும் ஆவல் அக்கணத்திலே நம் நெஞ்சில் இல்லாதிருக்கலாம். ஆயினும் அவ்வினா, உம்மைக் கண்டோம், ஒருவராக மதித்தோம் என்னுங் குறிப்பினது. கேட்பவரும் அவ்வாறே கொள்வர்; அதனால் ஏமாற்றப்படுவார் ஒருவருமிலர். கடனை மனமுவந்து கொடுத்தல் சிறப்பு. மனம் வாராதபோதுங் கொடுத்தல் கடமை. முகங்கோணிக் கொடுத்தானாயினும், கடன் தீர்த்தவனைப் பொய்யன் என்பாரில்லை. மரியாதையும் நாம் பிறர்க்கு இறுக்கவேண்டிய கடன்களுள் ஒன்று.

இனி, இக்கடன் யாவர்க்கும் இறுக்கப்படுகின்றதா? யாழ்ப்பாணத்துப் பேச்சிலே முன்னிலை நீ, நீர், நீங்கள் என மூன்று படியாய் நிற்றலை ஆசிரியர்கள் அறிவர். தமிழ்நாட்டிலே பெரிதும் அருகிவிட்ட "நீர்" நம்மிடையே இன்றும் வழங்குகின்றது. ஒத்தாரையும் இளையாரையும் தாழ்த்தாமலும் மிக உயர்த்தாமலும் அழைத்தற்கு இத்துணை வாய்ப்பான சொல் வேறில்லை. அதனையோ நாம் ஆளை நிறுக்குந் தராசாக்கிவிட்டோம்! ஒரே வாங்கிலிருக்கும் இரு பிள்ளைகளுள் வைத்தியர் மகன், "தம்பி, நீர் வாசியும்" எனப்படுகின்றான். கூலியாளின் மகன், "டேய், நீ வாசி" எனப்படுகின்றான். உத்தியோகத்தர் வருங்கால் எழுந்து குழைந்து நிற்றலைப் பணிவு என்கின்றோம். அஃது அச்சம், சிலவிடத்து வியாபாரம்.

உதவிபெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனங் கொடுத்தல் வேண்டுமென 1930-ஆம் ஆண்டளவில் அரசினர் வற்புறுத்தியபொழுது, எதிர்த்தோர் நம்மவருள்ளே பலர். சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலையினின்றும் கடையினின்றும் விலக்குதல் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாயிற்று. சட்டம் வாங்கைக் கொடுக்கும். "நீர்" என்னுஞ் சொல்லை ஆசிரியர் வாயினின்று எந்தச் சட்டமும் வருவியாது.

"நீ" என்பதை முற்றும் விலக்குக என்றோமல்லேம். தாய் அழைக்கும் "நீ"யில் இழிவு யாதுமில்லை; பாலர் வகுப்பிலே ஆசிரியர் அன்போடு சொல்வதும் அத்தகையதே. எல்லாரையும் "நீ" என்க. அன்றேல் எல்லாரையும் "நீர்" என்க. ஒரு வகுப்பில் இரண்டையும் ஆள்பார்த்து வழங்குதலையே கண்டிக்கின்றோம். திருக்குறளின் இனியவை கூறல் அதிகாரத்துப் பத்துக் குறளையும் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள், பாடசாலை கூட்டும் முதியவளை ஆசிரியர் எவ்வாறு கூப்பிடுகின்றார் என்பதையும் கேட்டுக்கொண்டே வீடு செல்கின்றனர்.