ஆறுமுகம் அவனுக்கு, ஒரு முகம் நமக்கு

ஓம் சரவணபவ!



போன கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். தீபாராதனை மணி அடிச்சது. கண்ணை மூடினேன். முருகன் வரல. அனுப்பாத மெயில், முடிக்காத ரிப்போர்ட், கட்டாத கரண்ட் பில்தான் வரிசையா வந்தது. கண்ணைத் திறந்தா, தீபத்தட்டு என்னைத் தாண்டிப் போயிருந்தது.

அப்போதான் உறைச்சது. அம்மாவுக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கித் தரேன்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு. அம்மா திரும்பக் கேட்கவே இல்ல.

டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் 2001-ல 'கெட்டிங் திங்ஸ் டன்'னு ஒரு புத்தகம் எழுதினார். அதோட சாரம் இதுதான்: வேலைகளை மனசுல சுமக்காதீங்க. எல்லாத்தையும் ஒரு இடத்துல எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் அடுத்து செய்ய வேண்டியது என்னன்னு முடிவு பண்ணுங்க. ரெண்டு நிமிஷத்துல முடியுறதை உடனே முடிங்க. மத்ததைப் பட்டியல்ல வெச்சு, வாரம் ஒரு தடவை சரிபாருங்க.

இதைப் படிச்சதும் நக்கீரர் ஞாபகம் வந்தார். திருமுருகாற்றுப்படையில, திருச்சீரலைவாய்ப் பகுதியில, முருகனோட ஆறு முகத்துக்கும் தனித்தனி வேலை சொல்றார். ஒரு முகம் உலகத்து இருளை நீக்குது. ஒண்ணு அடியாருக்கு வரம் தருது. ஒண்ணு வேள்வியைக் காக்குது. ஒண்ணு மறைபொருளை விளக்குது. ஒண்ணு போர்க்களத்துல நிக்குது. இன்னொண்ணு வள்ளியோட சிரிக்குது.

கவனிச்சீங்களா? போர் செய்யுற முகம் வேற, சிரிக்கிற முகம் வேற. ஆறுமுகனே ஒரு முகத்துக்கு ஒரு வேலைதான் வெச்சிருக்கான். நாம ஒரே முகத்தை வெச்சுக்கிட்டு, சாப்பிடும்போது ஆபீஸ், ஆபீஸ்ல வீடு, சந்நிதியில எல்லாம்னு அலையுறோம். அவ்வளவு வேலைக்கு நடுவுலயும் அன்புக்குன்னு ஒரு முகத்தை அவன் ஒதுக்கியிருக்கான். நம்ம பட்டியல்ல வீட்டுக்கு இடம் இருக்கா?

அன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதினேன். முதல் வரி அம்மா. காலையில போன் பண்ணினேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. மூணு வாரமா நான் சுமந்தது அதைத்தான்!

இப்போ செவ்வாய்தோறும் விளக்கேத்தி, நோட்டைச் சரிபார்த்து மூடிட்டுத்தான் கும்பிடுறேன். நீங்களும் இந்தச் செவ்வாய் ஆரம்பிங்க. "முருகா, இன்னும் நேரம் கொடு"ன்னு கேட்க வேண்டாம். "கொடுத்த நேரத்துல, செய்யுற வேலையில மனசை நிறுத்து"ன்னு கேட்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!