முதலில் ஊழியம், பிறகு கட்டடம்

நகரத்தின் நடுவில் நூற்றாண்டுகள் கண்ட ஓர் ஆலயம். வாசற்படியில் வீடற்றவர்கள் படுத்திருக்கிறார்கள். உள்ளே கூரை ஒழுகுகிறது. சபையிடம் இருக்கும் பணம் கூரைக்கா, படியில் கிடப்பவருக்கா? "அவர்களுக்கு உதவத்தான் கட்டடத்தை மாற்றுகிறோம்" என்று சபை பதில் சொல்லலாம். சில சபைகளுக்கு அது உண்மை. சிலவற்றுக்கு வெறும் சாக்கு. எது எது என்று எப்படிக் கண்டறிவது?

இந்த வழக்கு பழையது. 4ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், ஆலயத்துக்குள் கிறிஸ்துவைப் பட்டால் அலங்கரித்துவிட்டு, வெளியே குளிரில் விறைக்கும் ஏழையைக் கண்டுகொள்ளாமல் போவதைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அலங்காரமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஏழைக்கு முதலில் செய் என்றார். எதிர்த்தரப்புக்கும் வேதத்தில் இடமுண்டு. பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் மேல் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றியபோது, அதை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தவர்களை இயேசு கண்டித்தார். ஆக, கல்லுக்கும் கண்ணாடிக்கும் செலவிடுவது தன்னளவில் பாவமுமல்ல, புண்ணியமுமல்ல.

லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆலயத்தை வைத்து இதை எடைபோடலாம். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்த இந்தக் கட்டடம் 1726இல் முடிந்தது. முதல் உலகப் போரின்போது போதகராக இருந்த டிக் ஷெப்பர்ட், பக்கத்துச் சேரிங் கிராஸ் ரயில் நிலையம் வழியாகப் போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்கள் இளைப்பாற ஆலயத்தைத் திறந்துவைத்தார். பின்னர் நிலவறை வீடற்றவர்களின் புகலிடமாயிற்று. ஒரு காலத்தில் சவப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்த இடம் அது. அதை உயிருள்ளவர்களுக்குத் திறந்துவிட, பெரிய புதுப்பிப்புக்காக அன்று யாரும் காத்திருக்கவில்லை.

பெரிய புதுப்பிப்பு 2008இல்தான் முடிந்தது. செலவு சுமார் 3.6 கோடி பவுண்டு. கணிசமான பங்கு, மரபுச் சின்னங்களைக் காப்பதற்கென்றே இருக்கும் லாட்டரி நிதியிலிருந்து வந்தது. நிலத்தடியில் புதிய அறைகள், அவற்றுக்குப் பகல் வெளிச்சம் இறங்கும் திறப்பு, வீடற்றவர்களுக்கான மையத்துக்கு மேம்பட்ட வசதி, சீனச் சமூகத்தாருக்கு இடம் எல்லாம் அமைந்தன. இவ்வளவு பணத்துக்கு எத்தனை வேளை சோறு போடலாம் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மரபுக்கென ஒதுக்கிய நிதி சோற்றுக்கு வந்திருக்காது. சோறு ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். குளிக்கவும் மருத்துவரைப் பார்க்கவும் வேலைக்கு மனுப்போடவும் ஒருவருக்கு அறை வேண்டும். இந்த வாதத்தில் வலு இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. கட்ட ஆசைப்படும் எந்தச் சபையும் இதையே சொல்லிவிடலாமே!

முன்னோர் விட்டுச்சென்றதை மாற்றும் உரிமை அடுத்த சிக்கல். இங்கிலாந்துத் திருச்சபையில் ஆலயத்துக்குள் மாற்றம் செய்யப் பொதுவாகத் திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். டஃபீல்ட் என்ற ஊரின் ஆலய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த கேள்விகள் இன்று வழிகாட்டியாக உள்ளன: மாற்றத்தால் கட்டடத்தின் சிறப்புக்குக் கேடு வருமா, எவ்வளவு கேடு, அதற்கான நியாயம் எவ்வளவு தெளிவானது, பொதுநன்மை அந்தக் கேட்டை விஞ்சுமா? நிரூபிக்கும் பொறுப்பு மாற்றம் கேட்பவர் தலையில். கேடு பெரிதாகப் பெரிதாக நியாயமும் பெரிதாக வேண்டும்.

வருமானம் இன்னொரு சோதனை. அதே நிலவறையில் இன்று உணவகம் நடக்கிறது. செங்கல் வளைவுகளுக்குக் கீழே, பழைய கல்லறைக் கற்கள் பதித்த தரையின் மேல் மேசைகள். மேலே மாலையில் இசைக்கச்சேரி. வரும்படி ஆலயப் பணிக்குப் போகிறது. இதில் குற்றமில்லை. ஆனால் காசு கொடுப்பவரும் கொடுக்க முடியாதவரும் ஒரே கூரையின் கீழ் வரும்போது, இட நெருக்கடியில் முதலில் நகர்த்தப்படுவது யார்? உணவகத்துக்கு வருபவர் முகம் சுளிப்பார் என்று அழுக்கு உடைக்காரரைப் பின்வாசலுக்கு அனுப்பத் தொடங்கிய நாளில், எவருக்காகப் பணம் திரட்டினார்களோ அவருக்கே அந்த இடம் அந்நியமாகிவிடும்.

இந்த ஆலயத்துக்குப் பெயர் தந்த புனித மார்ட்டின், ஆமியான் நகர வாயிலில் குளிரில் நின்ற பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் கிழித்துப் பாதி கொடுத்தார் என்பது மரபு. கொடுத்தவருக்கும் அன்று குளிர்ந்திருக்கும். ஊழியத்தின் பேரில் நடக்கும் புதுப்பிப்பில் சபையார் எதை இழக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொகுசு மட்டும் கூடி, மற்ற ஆறு நாளும் கதவு பூட்டியே கிடந்தால், அது சபைக்குச் செய்துகொண்ட வசதி. வசதி செய்துகொள்வது தவறல்ல. அதற்கு ஏழையின் பெயரில் காணிக்கை கேட்பதுதான் தவறு.

செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் வலு அதன் வரிசையில் இருக்கிறது. ஊழியம் முதலில் நடந்தது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகே 3.6 கோடி வந்தது. இடநெருக்கடியில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் சபைக்குச் சுவரை இடிக்கும் உரிமை உண்டு. கட்டி முடித்த பிறகு ஏழைகளை அழைக்கிறோம் என்னும் சபை, செங்கல் வாங்குவதற்கு முன், இருக்கிற கூடத்தை இருக்கிற நிலையிலேயே ஓராண்டு திறந்துவைத்துப் பார்க்கட்டும். எந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று அங்கே வந்துபோகிறவர்களே சொல்லிவிடுவார்கள்.