பொங்காலை நாளில் ஒரு கேள்வி

திருவனந்தபுரத்தில் மாசி மாதத்துப் பொங்காலை நாளுக்கு ஒப்பான நாள் வேறில்லை. ஆற்றுகால் பகவதியின் திருமுன் மட்டுமன்றி, நகரின் தெருக்களெங்கும் செங்கல் அடுப்புகள் நிரம்ப, இலட்சக்கணக்கான மகளிர் அரிசியும் வெல்லமும் தேங்காயும் இட்டுப் பொங்குகின்றனர். 1997ஆம் ஆண்டிலேயே கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற கூட்டம் அது. மதுரையை நீங்கிய கண்ணகி கொடுங்கல்லூர் செல்லும் வழியில் தங்கிய இடம் ஆற்றுகால் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. ஆதலின் தமிழராகிய நமக்கு அந்நாளில் பெருமிதம் சற்றே மிகுதி.

2025ஆம் ஆண்டுப் பொங்காலை நாளில், மனைவியும் மகளும் பானையுடன் சென்றுவிட, பன்னிரண்டு வயது மகனும் நாமும் வீட்டில் தனித்திருந்தோம். அவன் கேட்டான்: "அப்பா, அம்மா இன்று இரண்டு முறை சமைக்கிறாள். நாம் ஒருமுறைகூடச் சமைக்கவில்லையே, ஏன்?" வைகறையில் எழுந்து நமக்கு இட்டலியும் பகலுணவும் ஆக்கி மூடிவைத்த பின்னரே அவள் புறப்பட்டிருந்தாள்.

நாம் உடனே வரலாற்றுக்குள் புகுந்துகொண்டோம். கற்றவர்க்கு அது வசதியான புகலிடம். இம்மண்ணில் சொத்துரிமை தாய்வழி இறங்கிய காலம் உண்டு என்றோம். தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள் வழியினராக இருந்ததையும், 1926இல் திருவிதாங்கூர் அரசின் சட்டம் அதனை மாற்றியதையும் எடுத்துரைத்தோம். இந்நகரின் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அவ்வழக்கத்தின் கொடுமையை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலில் பாடியதையும் கூறினோம். (பெண்மையைப் போற்றும் அவருடைய ஓரடியை மேடைதோறும் முழங்குகிறோம், இந்நூலைப் படிப்போர் சிலரே.)

சொல்லும்போதே நம் குரல் தளர்ந்தது. அந்நூலில் தன் துயரைச் சொல்லிப் புலம்புபவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியல்லவா? தாய்வழி என்று பெயர். ஆட்சியோ தாய்மாமன் கையில். பின்னர், 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005இல் மைய அரசின் சட்டமும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பிறப்புரிமை வழங்கின என்றோம். மகன் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அதெல்லாம் சரி அப்பா, இட்டலி?" என்றான்.

நம் தந்தையாரிடம் இவ்வாறு கேட்கும் துணிவு நமக்கு இருந்ததில்லை. அவர் நல்லவர், எனினும் உண்ட தட்டை எடுத்தறியார். அதனைப் பற்றி அவர் ஒன்றும் பேசியதில்லை. ஆயினும் அந்தப் பேசாமையிலிருந்தே நாம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டோம். தான் கைக்கொள்ளாத ஒன்றை மகனுக்குச் சொல்லத் தந்தைக்குத் தகுதி உண்டா? முதலில் திருந்துவோம், பின்பு பேசுவோம் என்று ஒத்திவைப்பது நேர்மைபோலத் தோன்றும். அதற்குள் மகன் வளர்ந்து நம்மைப்போலவே ஆகிவிடுவான். குறையைக் குறையென்று அவன் முன்னே ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்பது நம் அச்சம். ஒப்புக்கொள்ளாவிடினும் அவன் கண்ணுக்கு அது தெரியாமலா இருக்கிறது?

பிறமொழி நாட்டில் வாழும் நமக்கு இன்னுமொரு சாக்கு உண்டு: பண்பாடு. வாயிலில் கோலமிடுதல், பிள்ளைக்கு அகரம் எழுதப் பழக்குதல், பண்டிகைப் பலகாரம் என அதன் சுமையெல்லாம் மனைவியர் தலையில். அதனைப் புகழ்ந்து பேச மட்டும் நாம் மேடையேறுகிறோம். இம்மலரில் எழுதுவதும் அவ்வகையைச் சேர்ந்ததே என்று எவரேனும் கூறின், மறுக்க வழியில்லை.

"தவறுதான், நானும் செய்திருக்க வேண்டும்" என்று அவனிடம் சொன்னோம். சொல்வதற்கு அத்துணைக் கடினமாக இருந்த வேறொரு வாக்கியம் நினைவில் இல்லை. அவன் தன் தங்கையின் மூன்றாம் வகுப்புப் பாடநூலை எடுத்து வந்தான். 2024இல் கேரளத்தில் வெளியான அந்நூலில் தந்தையொருவர் தேங்காய் துருவும் படம் உள்ளது. மாலைக்குப் புட்டு அவிப்பதென முடிவாயிற்று. மாவை அவன் நனைத்தான். துருவியின் முன் நாம் அமர்ந்தோம்.

பிற்பகலில் புகையால் சிவந்த கண்களோடு திரும்பிய மனைவி, கிண்ணத்தைப் பார்த்து, "சிரட்டையையும் சேர்த்துத் துருவியது யார்?" என்றாள். மகன் சிறிதும் தயங்காமல் நம்மைச் சுட்டினான்.